கம்பெனி போனாலும் பாட வேண்டும்: விலை உயர்ந்த சிடி ப்ளேயர் வாங்க முழுமையான வழிகாட்டி

எட்டு வருடம் ஒழுங்காகப் பாடிய என் சிடி ப்ளேயர் ஒரு நாள் தட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, இரண்டு முறை கிர்ரென்று சுற்றிப் பார்த்துவிட்டு, ‘நோ டிஸ்க்’ என்று காட்டியது. வேறு தட்டு போட்டேன். அதே பதில். வாங்கிய நாளில் வாய் நிறையப் பேசிய கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது: அந்த மாடலுக்கு உதிரிபாகம் கைவசம் இல்லை, புதிய மாடல் வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்.

பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர் எல்லாம் சரிசெய்கிற மெக்கானிக் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்கியவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். “சார், இது டூ-இன்-ஒன் செட்டுல வர்ற அதே ஹெட்டு.” பத்துக் கிலோ அலுமினியப் பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு; தட்டைப் படிக்கிற லேசர் உட்கார்ந்திருப்பது அதில்தான். அதை மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. இன்றும் பாடுகிறது.

என் நண்பரிடம் இருந்தது இதைவிட மூன்று மடங்கு விலை. மெக்கானிசம் முழுக்கத் தாங்களே வடிவமைத்தது என்று அந்தக் கம்பெனி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அது பழுதானபோது உலகத்தில் எங்குமே மாற்று கிடைக்கவில்லை. இப்போது அதன் மேல் பூச்சாடி இருக்கிறது.

இரண்டு பெட்டிக்கும் விதி எழுதியது பெயர்ப் பலகை இல்லை, உள்ளே இருந்த டிரைவ், அதாவது தட்டைச் சுற்றி லேசரால் படிக்கிற பகுதி. விலை உயர்ந்த ப்ளேயர் வாங்கப் போகிறவர் முதலில் டிரைவை வாங்க வேண்டும், அப்புறம்தான் கம்பெனியை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே வருவது.

முதல் படி: எந்த விதமான ‘நிச்சயமின்மை’ என்று பிரித்துப் பாருங்கள்

சின்ன கம்பெனி மூடிவிடும், பெரியது நிற்கும் என்று ஒரு நம்பிக்கை பலருக்கு உண்டு. நடந்த கதை அப்படி இல்லை. ஸ்காட்லாந்தின் லின் நல்ல நிலையில் இருந்தபோதே, 2009 இறுதியில், சிடி ப்ளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டு ஸ்ட்ரீமிங் பக்கம் போய்விட்டது. ஒப்போ டிஜிட்டல் 2018 ஏப்ரலில் புதிய தயாரிப்புகளை நிறுத்தப்போவதாகச் சொன்னது. அதன் கடைசி ப்ளேயர்களுக்கு அப்போதும் வாங்க ஆள் இருந்தது. ஒன்கியோ ஜப்பானில் 2022 மே மாதம் திவாலானது. ஆடியோ ரிசர்ச் பண நெருக்கடிக்குப் பிறகு 2023-ல் கைமாறியது. டெனான், மராண்ட்ஸ் இரண்டும் 2022-ல் மாசிமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பெனியின் கைக்குப் போய், 2025-ல் சாம்சங்கின் கீழுள்ள ஹார்மனுக்கு வந்து சேர்ந்தன. மக்கின்டாஷை 2024-ல் போஸ் வாங்கியது.

கைமாறுவது என்றால் செத்துப்போவது என்று பொருள் இல்லை. புது முதலாளி சர்வீஸை முன்பைவிட நன்றாக நடத்துவதும் உண்டு. அதனால் ‘இந்த பிராண்டு நிற்குமா’ என்று பொதுவாகக் கவலைப்படுவதில் பயனில்லை. உங்கள் முன்னால் இருப்பது நாலில் எது என்று பாருங்கள்: மூடிவிட்ட கம்பெனி, விற்கப்பட்ட கம்பெனி, தட்டையே விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போன கம்பெனி, அல்லது ஒரே ஒரு மனிதரின் மூளையையும் கையையும் நம்பி ஓடுகிற பட்டறை.

என் பயம் மூன்றாவதிடம்தான் அதிகம். மூடிய கம்பெனியின் பழைய ஆட்கள் தனியாக ரிப்பேர் கடை போடுவார்கள், சர்க்யூட் படங்கள் எப்படியோ வெளியே வந்துவிடும். உயிரோடு இருந்துகொண்டே உங்கள் மாடலை மறந்துபோன கம்பெனி படத்தையும் தராது, பாகத்தையும் விற்காது. வெளியாள் தொட்டால் வாரண்டி போச்சு என்று மட்டும் சொல்லும்.

சட்டம் கொஞ்சம் உதவும். கலிஃபோர்னியாவில், கடைக்காரருக்கு விற்கும் விலை 100 டாலரோ அதற்கு மேலோ உள்ள மின்னணுப் பொருளுக்கு, அந்த மாடலைக் கடைசியாகத் தயாரித்த நாளிலிருந்து குறைந்தது 7 ஆண்டு சர்வீஸ் விவரமும் பாகமும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஜப்பானிய ஆடியோ கருவிகளின் கையேட்டில், உற்பத்தி நின்ற பிறகு 8 ஆண்டு பாகம் வைத்திருப்போம் என்ற வரியைப் பார்க்கலாம். ஏழோ எட்டோ, இருபது வருடம் கேட்க வாங்குகிறவருக்கு அது பாதி வழிகூட இல்லை. போதாக்குறைக்கு, கம்பெனியே இல்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டாம் படி: உள்ளே எந்த டிரைவ் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் செலவழித்தாலும் தகும்.

சிடி ப்ளேயரில் தேய்கிற பாகங்கள் சில மட்டுமே: லேசர் பிக்கப், அதை நகர்த்தும் சின்ன மோட்டார், தட்டைச் சுற்றும் மோட்டார், டிரே பெல்ட். லேசர் 780 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிகிறது. தட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.6 மைக்ரான்தான். தட்டு உள் ஓரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றும் வெளி ஓரத்தில் 200 சுற்றுமாக ஓட, அதன் லேசான ஆட்டத்துக்கெல்லாம் ஈடுகொடுத்து லென்ஸ் ஓயாமல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைகிறது. இப்படி உழைக்கிற பொருள் தேயாமல் இருக்குமா? டயர் மாதிரிதான். டயர் கிடைக்காத கார் வாங்குவோமா என்பதுதான் கேள்வி.

டிரைவ்களைக் குடும்பம் குடும்பமாகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, சந்தையில் பரவலாகக் கிடைக்கிற ஹெட்கள். சோனியின் கேஎஸ்எஸ்-213, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் இரண்டும் இதில் பிரபலம். சின்ன டூ-இன்-ஒன்னிலிருந்து பெரிய விலை ப்ளேயர் வரை இவை உட்கார்ந்திருக்கின்றன. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள், கௌரவக் குறைச்சல் என்று நினைப்பு. எனக்கோ இதுதான் பெரிய பிளஸ். நகல்கள் நிறைய உலவுவதால் தரம் ஒரே மாதிரி இராது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கினால் ஒன்றாவது தேறும். இணைப்பில் இருக்கும் பின்களின் (ஊசிகளின்) எண்ணிக்கையையும் கவனியுங்கள்: சான்யோ ஹெட்டில் 15 பின், 16 பின் என்று இரண்டு வகை உண்டு. பார்த்தால் ஒன்று போல இருக்கும், இதன் இடத்தில் அது சேராது.

இரண்டாவது, ஃபிலிப்ஸ் பரம்பரை. சிடிஎம்-1, சிடிஎம்-2, சிடிஎம்-4, சிடிஎம்-9 என்று போகும் பழைய டிரைவ்களில் லேசர் ஒரு கையின் நுனியில் உட்கார்ந்து ஊசல் போல ஆடும். சிடிஎம்-1 போன்றவை இரும்புக் குண்டு; முப்பது நாற்பது வருடமாக ஓடுபவற்றை இன்றும் பார்க்கலாம். ஆனால் போனால் போனதுதான். புதிது வராது, இன்னொரு பழைய ப்ளேயரை அறுத்து எடுக்க வேண்டும். பின்னால் வந்த சிடி-புரோ2 மேலே திறந்து போடும் உயர்ரக ப்ளேயர்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது. அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. கையிருப்பு வைத்திருக்கும் கம்பெனிகள் இன்னும் சர்வீஸ் செய்கின்றன, இல்லாதவை கைவிரிக்கின்றன. சிடி-புரோ2 உள்ள ப்ளேயரைப் பார்த்தால் ‘உங்களிடம் எத்தனை டிரைவ் மீதி இருக்கிறது’ என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சொந்தத் தயாரிப்பு. எசோட்டரிக்கின் விஆர்டிஎஸ் இதில் பெயர் போனது. தட்டை முழு அகலத்துக்கும் ஒரு கனமான வட்டத்தோடு அழுத்திப் பிடித்துச் சுற்றும். அந்த இழைப்பையும் பொருத்தத்தையும் பார்த்தால் கை தானாக வணங்கும். அது பழுதானால் போவதற்கு ஒரே வாசல்தான், அதே கம்பெனி. அந்த வாசல் திறந்திருக்கும்வரை உலகத்திலேயே நல்ல டிரைவ். மூடினால், நண்பர் வீட்டுப் பூச்சாடி.

நாலாவது, கம்ப்யூட்டர் டிரைவ். விலை உயர்ந்த ப்ளேயர்கள் சிலவற்றுக்குள் சாதாரண டிவிடி-ரோம் டிரைவ் இருக்கும். மலிவாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், ப்ளேயரின் மென்பொருள் குறிப்பிட்ட ஒரு மாடல் டிரைவை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளும். வேறு எதைச் செருகினாலும் முகம் திருப்பிக்கொள்ளும். அந்த மாடலோ கம்ப்யூட்டர் சந்தையிலிருந்து எப்போதோ மறைந்திருக்கும்.

ஐந்தாவது, இப்போதும் புதிதாகத் தயாராகிறவை. ஃபிலிப்ஸின் முன்னாள் பொறியாளர்கள் வியன்னாவில் தொடங்கிய ஸ்ட்ரீம்அன்லிமிடெட், ‘புளூ டைகர்’ என்ற பெயரில் சர்வோ போர்டும் (லேசரையும் மோட்டாரையும் கட்டுப்படுத்துவது) சிடி டிரைவும் பல கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. புரோ-ஜெக்டின் சிடி பாக்ஸ் ஆர்எஸ்2 டி அதை வைத்து வந்ததுதான். பல பிராண்டுகள் ஒரே டிரைவை வாங்கினால், ஒரு பிராண்டு விழுந்தாலும் டிரைவ் பிழைக்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இந்த வகை.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) ஓடும் ப்ளேயர் என்றால் கணக்கு இறுகுகிறது. 1999-ல் வந்த அந்தத் தட்டைப் படிக்க 650 நானோமீட்டர் லேசர் தனியாக வேண்டும். அந்த டிரைவ்களைத் தயாரிப்பவர்கள் எப்போதும் சிலரே. அலமாரியில் நாலே நாலு எஸ்ஏசிடி இருக்கிறது என்பதற்காக அந்தச் சிக்கலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

சரி, உள்ளே எது என்று எப்படித் தெரியும்? சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் பாகப் பட்டியலில் இருக்கும். இல்லையென்றால் மூடி திறந்த படங்களைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹெட்டின் ஓரத்தில் எண் அச்சாகியிருக்கும். டீலரிடம் கேட்டால் “எங்களுடைய பிரத்தியேக டிரைவ்” என்று ஒரு பதில் வரும். பிரத்தியேகம் என்பது பல நேரம் சான்யோ ஹெட்டின் மேல் திருகிய ஓர் அலுமினியத் தகடு. அப்படியென்றால் நல்லதுதான், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: பழைய மாடலைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள்

வாங்கப்போகும் மாடலைப் பற்றிக் கேட்டால் எந்தக் கம்பெனியும் இனிக்க இனிக்கப் பதில் போடும். அதனால் அதைக் கேட்காதீர்கள். அவர்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு விற்ற ஒரு ப்ளேயரைத் தேர்ந்தெடுத்து இப்படி எழுதுங்கள்: ‘இந்த மாடலுக்கு லேசர் இன்று கிடைக்குமா? பாகத்தின் விலை என்ன, பொருத்தக் கூலி என்ன? எங்கே அனுப்ப வேண்டும்? என் மெக்கானிக்கிடம் பாகத்தை மட்டும் தனியாக விற்பீர்களா?’

நாலே கேள்வி. இன்று அந்தப் பழைய ப்ளேயர்காரருக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்களோ, பத்து வருடம் கழித்து உங்களுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். விலையோடு நேரான பதில் வந்தால் மேலே படியுங்கள். ‘இல்லை, தீர்ந்துவிட்டது, ஆனால் இன்ன டிரைவை வைத்து மாற்றித் தருகிறோம்’ என்று வந்தால் அது இன்னும் நல்ல பதில். மூளை வேலை செய்கிற கம்பெனி. ‘புதிய மாடலைப் பார்த்தீர்களா’ என்று வந்தால் எழுந்துவிடுங்கள். மூன்று வாரம் பதிலே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு மனிதர் பட்டறை என்றால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘நீங்கள் ஓய்வு பெற்றால் இதை யார் பார்ப்பார்கள்?’ கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒருமுறை நான் கேட்டபோது அந்த மனிதர் கோபப்படவில்லை. சர்க்யூட் படத்தின் ஒரு பிரதியை மெயிலில் அனுப்பிவைத்தார்.

நாலாம் படி: வாங்கும் முன்பே மெக்கானிக்கைப் பிடியுங்கள்

பெண் பார்க்கும் முன் மண்டபம் பார்ப்பது போல இருக்கலாம். ஆனால் சிடி சர்வோ தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆசிலோஸ்கோப் வைத்து, லேசர் படிக்கும் சிக்னலின் ‘ஐ பேட்டர்ன்’ என்ற அலைவடிவத்தைத் திரையில் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து, மாடல் பெயரையும் சர்வீஸ் மேனுவலையும் காட்டிக் கேளுங்கள். ‘கொண்டு வாங்க, பார்க்கலாம்’ என்றால் தைரியமாக வாங்கலாம். அவர் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். கிடைக்கிற காரணம் பத்து விமர்சனக் கட்டுரைக்குச் சமம்.

சர்வீஸ் மேனுவலே வெளியே கிடைக்காத மாடலை நான் இப்போதெல்லாம் தொடுவதில்லை. சிப்களின் எண்ணைச் சுரண்டி அழித்து வைத்திருக்கும் போர்டுகளும் உண்டு. காப்பியடிப்பதைத் தடுக்க என்பார்கள். ரிப்பேரும் அதோடு தடுக்கப்பட்டுவிடுகிறது.

ஐந்தாம் படி: ஒரு பெட்டியா, இரண்டா?

பணம் மொத்தத்தையும் ஒரே பெட்டியில் கொட்ட வேண்டுமா என்று யோசியுங்கள். தட்டைச் சுற்றுவது ஒரு பெட்டி, எண்ணை இசையாக்கும் டாக் இன்னொரு பெட்டி என்று பிரித்தால், தேய்கிற பகுதி தனியாகிவிடுகிறது. டிரைவ் பெட்டி செத்தால் வேறொன்றை வாங்கி அதே டாக்கில் செருகலாம். டிஜிட்டல் ஒலியைக் கடத்தும் கோஆக்சியல் எஸ்பிடிஐஎஃப் இணைப்பு 1980-களிலிருந்து அப்படியே இருக்கிறது. அன்றைய ப்ளேயர் இன்றைய டாக்கோடு பேசும்.

இதிலும் ஒரு கண்ணி. டிரைவுக்கும் டாக்குக்கும் நடுவில் கம்பெனி தனக்கென்று ஒரு கேபிள் வைத்திருக்கும். எச்டிஎம்ஐ சாக்கெட் மாதிரி இருக்கும், ஆனால் அவர்கள் பெட்டிக்கு மட்டும்தான் பேசும். அது இருக்கட்டும், கூடவே சாதாரண கோஆக்சியல் வெளியீடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால், டிஜிட்டல் வெளியீடும் உள்ளீடும் இரண்டும் இருப்பதை வாங்குங்கள். உள்ளீடு இருந்தால் லேசர் போன பிறகும் அந்தப் பெட்டி நல்ல டாக்காக இன்னொரு பிறவி எடுக்கும். என் கணக்கில் இந்த ஒரு சாக்கெட்டுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கலாம்.

டாக் சிப்பிலும் பற்றாக்குறை வரும் என்பது நினைவிருக்கட்டும். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் டாக் சிப் தயாரிக்கும் ஏகேஎம்மின் தொழிற்சாலை எரிந்தபோது, அந்தச் சிப்பை நம்பியிருந்த பல மாடல்கள் தடுமாறின, சில வேறு சிப்புக்கு மாறின. பழைய ஃபிலிப்ஸ் டிடிஏ1541ஏ, பர்-பிரவுன் பிசிஎம்1704 இரண்டும் உற்பத்தியில் இல்லை. தேர்ந்தெடுத்த ரகம் என்று கிரீடம் அச்சடித்த டிடிஏ1541ஏ-க்குப் போலிகள்கூட உண்டு. ஆனாலும் சிப் லேசரைப் போலத் தேய்வதில்லை; பெரும்பாலும் மின்னல், தவறான மின்னழுத்தம் போன்ற விபத்து வந்தால்தான் போகும். கவலையை டிரைவுக்கே மிச்சம் வையுங்கள்.

ஸ்ட்ரீமிங், ஆப், தொடுதிரை எல்லாம் சேர்ந்த ப்ளேயரில் முதலில் சாவது ஆப்தான். ஆப் இல்லாமலும் ப்ளே, ஸ்டாப், அடுத்த பாட்டு இந்த மூன்றும் முன்பக்கப் பட்டனில் வேலை செய்யுமா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். ரிமோட்டில் மட்டுமே இயங்குகிற ப்ளேயர்களும் இருக்கின்றன. அந்த ரிமோட் தொலைந்த அன்று புரியும்.

ஆறாம் படி: வாரண்டித் தாளைப் படியுங்கள்

வாரண்டி கொடுப்பது கம்பெனியா, இறக்குமதியாளரா, டீலரா? இறக்குமதியாளர் மாறினால் பழைய பொருளைப் புதியவர் ஏற்பாரா? லேசர் ‘தேயும் பாகம்’ என்று விலக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? அனுப்பும் செலவு யாருடையது? கனமான ப்ளேயரை வெளிநாட்டுக்கு அனுப்பி வாங்கும் செலவு சில நேரம் ரிப்பேரையே விழுங்கிவிடும். அசல் அட்டைப்பெட்டியும் உள்ளே வரும் நுரைத் துண்டுகளும் இல்லாமல் சில கம்பெனிகள் வாங்கவே வாங்காது, அதை எறியாதீர்கள்.

வேறு நாட்டுக்காகத் தயாரித்ததை மலிவாக வாங்கினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பான் மாடல் 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் உள்ளூர் சர்வீஸ் அதைத் தொடாது.

ஏழாம் படி: பழையது வாங்குகிறீர்களா? மூன்று தட்டுகளோடு போங்கள்

ஒன்று, 74 நிமிடத்துக்கு மேல் ஓடும் நிரம்பிய தட்டு. இரண்டாவது, வீட்டில் எழுதிய சிடி-ஆர். மூன்றாவது, லேசாகக் கீறல் விழுந்த பழைய தட்டு.

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் தேய்ந்த டிரைவ் பல நேரம் வெளி ஓரத்தில், கடைசிப் பாட்டில் தடுமாறும். விற்பவரோ எப்போதும் முதல் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் கடைசிக்குத் தாவுங்கள், அங்கிருந்து முதலுக்குத் தாவுங்கள், பத்து முறை. சிடி-ஆர் ஒளியைக் குறைவாகத் திருப்பும் என்பதால் லேசரின் பலவீனம் அதில் சீக்கிரம் தெரியும். ஆனால் ஆதியில் வந்த சில ப்ளேயர்கள் புதிதாக இருந்தபோதே சிடி-ஆரை ஏற்றதில்லை, அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பெட்டி சூடான பின் எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டுச் சூடானதும் தாவுகிறவை நிறைய.

மூடியைத் திறக்க அனுமதித்தால் ஹெட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். சோனி ஹெட்களில் அதன் கடைசி மூன்று இலக்கம் அந்த லேசருக்கு வேண்டிய மின்னோட்டம்: 452 என்றால் 45.2 மில்லியாம்பியர். மெக்கானிக் சர்வீஸ் மேனுவலில் உள்ள சோதனைப் புள்ளியில் மீட்டரை வைத்து இப்போதைய மின்னோட்டத்தைக் கணக்கிடுவார். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் லேசர் கிழடு தட்டிவிட்டது. ஹெட்டின் மேல் உள்ள சின்னத் திருகை, அந்த அரிசி அளவு பொட்டை, யாராவது திருப்பியிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சாகிற லேசரின் பவரை அதில் கூட்டிவிட்டால் சில மாதம் துள்ளிப் பாடும். விற்கிறவருக்கு அந்தச் சில மாதம் போதுமே.

போர்டில் கெபாசிட்டர்களின் காலடியில் பழுப்புக் கறை அல்லது மீன் வாடை போன்ற நெடி இருந்தால் திரவம் கசிந்திருக்கிறது. 1990-களின் மேற்பரப்பு ஒட்டு கெபாசிட்டர்கள் இதற்குப் பேர் போனவை. அதை மாற்றலாம்; செம்புத் தடத்தை அரித்திருந்தால் வேலை பெரிது.

மேலே திறந்து போடும் ப்ளேயர் என்றால், தட்டின் மேல் வைக்கும் காந்த வட்டு கூடவே வருகிறதா? அது இல்லாமல் தட்டு சுற்றாது. கைக்குள் அடங்குகிற அந்த வட்டு தனியாகக் கிடைப்பது பெரும்பாடு.

எட்டாம் படி: வாங்கிய வாரமே ஸ்பேர் வாங்குங்கள்

இரண்டு ஹெட், ஒரு டிரே பெல்ட், இன்னொரு ரிமோட். மொத்த விலையில் இது சில்லறை, தள்ளிப் போட்டால் கிடைக்காது. சில மாடல்களில் ஹெட் தனியாகப் போதாது, மோட்டாரோடு சேர்ந்த முழு மெக்கானிசம் வேண்டும்; ஏனென்றால் மோட்டாரின் தண்டில் தட்டு உட்காரும் வட்டத்தின் உயரம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் குவியம் தவறும்.

ஸ்பேர் ஹெட்டை அது வந்த நிலைமின் தடுப்புப் பையிலேயே வையுங்கள், பையில் தேதி எழுதுங்கள். அப்புறம் ஒரு சிறு விஷயம், இது தெரியாமல் நல்ல ஹெட்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு: புதிய ஹெட்டின் குட்டி போர்டில் இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு துளி சால்டர் வைத்திருப்பார்கள். வழியில் நிலைமின்சாரம் லேசரைக் கொல்லாமல் இருக்க அது. ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தத் துளியை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் லேசர் எரியாது, ‘புது ஹெட்டும் டெட்’ என்று முடிவு கட்டிவிடுவோம். வாங்கிய இரண்டில் ஒன்றை உடனே பொருத்திச் சோதித்துவிடுவது உத்தமம். போலி என்று தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க அவகாசம் இருக்கும்.

பெல்ட் ரப்பர், பையில் இருந்தாலும் வயதாகும். அளவைக் குறித்து வைத்தால் போதும்.

கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் கையேடு, ஃபர்ம்வேர் (ப்ளேயரின் உள் மென்பொருள்) கோப்பு எல்லாவற்றையும் அன்றே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். தளம் மூடும் நாளில் யாரும் மணி அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

பாஸ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பாஸில் தட்டு சுற்றிக்கொண்டும் லேசர் எரிந்துகொண்டும்தான் இருக்கும், ஸ்டாப் அழுத்துங்கள். சூடாகும் ஆம்ப்ளிஃபையரின் தலையில் ஏற்ற வேண்டாம். எப்போதும் ஆனில் வைத்தால்தான் ஒலி நன்றாக இருக்கும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. கெபாசிட்டர் காய்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. நான் அணைத்துவிடுகிறேன். பிரஷ் வைத்த ‘லென்ஸ் கிளீனர்’ தட்டுகளிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள், மெல்லிய கம்பியில் தொங்குகிற லென்ஸை அது ஓங்கி அடிக்கிறது.

பத்தாம் படி: மூடும் செய்தி வந்த வாரம்

ஒரு நாள் அந்தச் செய்தி வரலாம். அந்த வாரத்தில் செய்ய வேண்டியது மூன்று. சர்வீஸ் பிரிவுக்குப் போன் செய்து, மீதமுள்ள பாகங்களில் உங்கள் மாடலுக்கானதைப் பணம் கட்டி வாங்குங்கள். எல்லோரும் யோசிக்கும்போது முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். அங்கே ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் இனி எங்கே போகிறார் என்று கேட்டுத் தொடர்பு எண்ணை வாங்குங்கள். பெரும்பாலும் அவர்தான் அடுத்த பத்து வருடத்துக்கு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர். மூன்றாவதாக, உங்கள் மாடலின் பழுதான ஒரு பெட்டி எங்காவது மலிவாக விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். டிஸ்ப்ளே, டிரான்ஸ்ஃபார்மர், பட்டன், டிரேயின் பல் சக்கரம் என்று சந்தையில் தனியாகக் கிடைக்காத எல்லாமே அதற்குள் இருக்கும். ஆறு மாதம் போனால் பழுதான பெட்டிக்கும் விலை ஏறிவிடும். வாங்குகிறவர்கள் எல்லாம் உங்களைப் போல அதே ப்ளேயரை வைத்திருப்பவர்கள்தான்.